உள்ளிருப்பவர்

பன்றிக் கூண்டின் படத்தை மார்னி ஹால்கம் முதல் தடவை குப்பையில்தான் போட்டாள். கம்ப்யூட்டரில் தேடினால் இப்படிக் கண்டதெல்லாம் வந்து விழுவது சகஜம். முதியோர் படுக்கை என்று கேட்டால் சவப்பெட்டி வரும், குழந்தை நாற்காலி வரும், ஒருமுறை மீன் வறுக்கும் கூடைகூட வந்தது. அந்த வரிசையில் ஒரு பன்றிக் கூண்டு. அதைத் தள்ளிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஹாம் சாண்ட்விச்சை இரண்டு கடி கடித்தபடி, அன்று கைக்கு வந்திருந்த காப்புரிமை விண்ணப்பத்தின் படத்தை மறுபடி பார்த்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். தள்ளிவிட்ட படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பிவிட்டு மீதியைத் தூரப் போட்டாள்.

இரண்டு படமும் ஒன்றேதான். இந்தப் பக்கம் இரும்புக் குழாய், அந்தப் பக்கம் இரும்புக் குழாய், நடுவில் ஒரு உடம்பு. படுக்கலாம், எழுந்து நிற்கலாம், திரும்ப மட்டும் முடியாது. தரை சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். மலமும் மூத்திரமும் கீழே விழும், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் ஓடிவிடும். முதல் படத்தில் உள்ளே கிடந்தது குட்டி போடும் சமயத்தில் ஏற்றி அடைத்த தாய்ப்பன்றி. இரண்டாவது படத்தில் உள்ளே கிடந்தது ஒரு கிழவர். பன்றியினுடையது முப்பது வருஷப் பழசு, கிழவருடையது போன வருஷம் வந்தது. கிழவர் என்பதால் குழாய்களின் மேல் மெத்தை சுற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் மனுஷத்தனம்.

"சீ," என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அமெரிக்காவில், அலெக்ஸாண்ட்ரியா அலுவலகத்துக் காப்புரிமை ஆய்வாளர்கள் முக்கால்வாசிப் பேர் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள்தான். நாள் முழுக்க யாரோ கண்டுபிடித்ததைத் தனியாக உட்கார்ந்து படிக்கிற வேலை.

அவள் வேலை சொல்லப்போனால் எளிது. ஒருவன் ஒரு சாமானைக் கொண்டுவந்து, இது புதுசு, உலகத்தில் எவனும் யோசிக்காதது, இதன் உரிமையை எனக்கே எழுதிக் கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்பான். இது ஏற்கெனவே இருந்ததா, இல்லை, இருந்ததைக் கொஞ்சம் இழுத்து வளைத்தால் வந்துவிடுவதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பழசு என்று எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டிவிட முடியாது. அந்தப் பழசு இந்தப் புதுசுக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஒரே தொழிலைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பிரச்சினையைத் தீர்க்க வந்ததாகவாவது இருக்க வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் வக்கீல்கள் பிய்த்துப் போடுவார்கள். பதினாறு வருஷ சர்வீசில் மார்னியின் முடிச்சுகள் அவிழ்ந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த விண்ணப்பத்தை எழுதினவனின் கை அழுகிப்போக வேண்டும் என்றுதான் படிக்கிற யாருக்கும் தோன்றும். முன்னுரையெல்லாம் தேன். 'நம் மூத்தவர்கள்', 'கண்ணியம்', 'நிம்மதியான மாலைப்பொழுது' என்று பக்கத்துக்குப் பக்கம் உருகியிருந்தார்கள். ஞாபகம் தப்பிப்போன முதியவர்கள் ராத்திரியில் எழுந்து நடந்து விழுந்துவிடுகிறார்களாம். பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் கட்டுப்படியாகவில்லையாம். ஆகவே இந்த ஏற்பாடாம். ஒரே ஒரு வேலையாள், ஒரு தண்ணீர்க் குழாய், நாற்பது கூண்டு. முன்னுரை முடிந்து, சட்டப்படி எதற்கு உரிமை வேண்டும் என்று கேட்கிற இடம் வந்ததும் தேன் சொட்டுவது நின்றுவிட்டது. அங்கே மூத்தவரும் இல்லை, முதியவரும் இல்லை, மனிதர் என்ற சொல்லே இல்லை. ஒரே சொல், 'ஆக்குபன்ட்'. அதாவது உள்ளிருப்பவர்.

தமிழில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. உள்ளிருப்பவரா, உள்ளிருப்பதா என்று முதல் வரியிலேயே திணை காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் வக்கீல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உயர்திணையும் அஃறிணையும் ஒரே பாயில் படுக்கிற சொல்லாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். அது அவர்கள் வழக்கம். வலையை எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு விரிப்பது. மனிதர் என்று போட்டால் மனிதக் கூண்டுக்கு மட்டும்தான் உரிமை. ஆக்குபன்ட் என்று போட்டால் உள்ளே எது இருந்தாலும் உரிமை. அகல விரித்த வலையில்தான் மார்னியின் பன்றியும் வந்து விழுந்தது.

அன்று மத்தியானமே அவள் தன் மேலதிகாரி டெஸ்மண்ட் ப்ரூயிட்டைத் திரையில் பிடித்தாள். டெஸ்மண்ட் ஓய்வு பெறப்போகிற ஆள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வயித்தைப் புரட்டுது மார்னி."

"எனக்குச் சாப்பாடே இறங்கல. இதுக்கு அரசாங்க முத்திரை குத்தி, இந்தா உன் பேட்டன்ட்னு நீட்டச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? ஆனா வயித்தைப் புரட்டுதுன்னு எழுதி மறுக்க முடியாதே. அப்படி ஒரு விதி கிடையாது."

"ஒரு காலத்துல அசிங்கத்துக்கெல்லாம் குடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்காங்களாமே."

"ஒரு காலத்துல குதிரை வண்டியும் ஓடிச்சு. வேற என்ன வெச்சிருக்க? ஆஸ்பத்திரிக் கட்டில் எதுவும் கிடைக்கலையா?"

"குழாயில மெத்தை சுத்தினது கிடைச்சுது. அது அந்தக் காலத்துலேர்ந்து இருக்கு. ஆனா திரும்ப முடியாத கூண்டு, ஓட்டைத் தரை, இது ரெண்டும் பன்னிகிட்ட மட்டும்தான் இருக்கு. மனுஷனுக்கு இதுவரைக்கும் எவனும் செய்யல."

"செய்யமாட்டான்ல. அதான் கஷ்டம்." டெஸ்மண்ட் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நீ பன்னியை வெச்சு மறுக்கணும்னா என்ன எழுதணும் தெரியுமா? வயசானவங்களைப் பார்த்துக்கற தொழில்ல இருக்கற எவனும் பன்னித் தொழுவத்தைப் போய்ப் பார்ப்பான், பார்த்ததும் இதை நம்ம கிழவருக்குப் போடலாமேன்னு அவனுக்குத் தோணும், அப்படித் தோணறது இயல்புதான்னு எழுதணும். கீழ உன் பேரு. அது காலாகாலத்துக்கும் அழியாது, உலகத்துல எவன் வேணாலும் எடுத்துப் படிக்கலாம்."

"அப்படி எழுதாட்டி?"

"பன்னி தொடர்பில்லாததுன்னு ஆயிடும். அப்ப இது புதுசு. குடுத்துத்தான் ஆகணும்."

ஆக, ஒன்று அந்தக் கூண்டுக்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தைத் தன் கையால் எழுத வேண்டும். இரண்டும் சாக்கடைதான், எதில் காலை வைப்பது என்பதுதான் கேள்வி. மார்னி இரண்டு நாள் யோசித்தாள். முத்திரையை நினைத்தால்தான் அதிகமாகக் குமட்டியது. வாக்கியம் வெறும் வாக்கியம். முத்திரை விழுந்தால் கூண்டு அல்லவா வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள்.

இரு தரப்பிலும் பிரச்சினை ஒன்றே என்று எழுதினாள். உள்ளிருப்பவர் திரும்பாமல் தடுப்பது, எழும்போது விழாமல் தாங்குவது, கழிவை ஆள் தொடாமல் அகற்றுவது. ஒவ்வொன்றையும் பன்றியிடமிருந்து எடுத்துக் கிழவர் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவளுக்கு அருவருப்பு ஏறிக்கொண்டே போனது. எழுதி அனுப்பிவிட்டுப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பதில் வந்தது. விண்ணப்பதாரரின் வக்கீல் வின்ஸ்லோ என்பவர் எழுதியிருந்தார்:

'நம் மூத்த குடிமக்களை ஆய்வாளர் பன்றிகளோடு ஒப்பிட்டிருப்பது எங்கள் கட்சிக்காரரை ஆழ்ந்த வேதனைக்கு உள்ளாக்கியிருக்கிறது. மனித கண்ணியத்தில் அக்கறையுள்ள எவரும் முதியோர் நலனுக்கு வழி தேடிப் பன்றித் தொழுவத்துக்குப் போகமாட்டார். ஆகவே அந்தப் பழைய கண்டுபிடிப்புக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.'

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பல்லைக் கடித்துக்கொண்டு மார்னி அதை மூன்று தடவை படித்தாள். கூண்டு செய்தவன் அந்தக் கட்சிக்காரன். அதில் கிழவரைப் படுக்கவைத்துப் படம் வரைந்தவன் அவன். தண்ணீர் பீய்ச்சி அடிக்கத் தோதாகத் தரையில் ஓட்டை போட்டவனும் அவனே. ஆனால் முதியவர்களைக் கேவலப்படுத்தியது மார்னியாம்! இந்த வெட்கங்கெட்ட வாக்கியத்தை எழுதிவிட்டு அந்த வின்ஸ்லோ எப்படித்தான் சோறு தின்றாரோ.

இன்னும் எரிச்சலூட்டியது டெஸ்மண்டின் பேச்சு.

"மேலிடத்துல ஒருத்தர் ஃபைலைப் படிச்சிருக்கார் மார்னி. முகம் சுளிக்கறார். பேப்பர்காரன் கையில கிடைச்சா 'பன்னியும் பாட்டனும் ஒண்ணு, அரசு அதிகாரி தீர்ப்பு'ன்னு போடுவான்ங்கறார்."

"அப்ப குடுத்துடச் சொல்றாரா?"

"குடுன்னு சொல்லல. கெட்டியா ஆதாரம் இருந்தா பாரு, இல்லாட்டி விட்டுடுன்னு சொல்றார். உன் பன்னியைத் தாங்கிப் பிடிக்க இன்னும் ஏதாவது வேணும்."

வக்கீலே நேரில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் வீடியோவில் சந்திப்பு வைத்தார்கள். திரையின் ஒரு கட்டத்தில் வின்ஸ்லோ வந்தார். வழவழவென்று சவரம் செய்த முகம். இன்னொரு கட்டத்தில் கண்டுபிடிப்பாளர் வந்தார். பெயர் ராய்ஸ் ஹூக்ஸ்ட்ரா, அயோவாக்காரர், தலையில் விதைக் கம்பெனித் தொப்பி, கையில் பெரிய காபிக் கோப்பை. மார்னி ஒரு ராட்சசனை எதிர்பார்த்திருந்தாள். வந்தவரோ திருவிழாவில் பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுக்கிற மாமாபோல இருந்தார். அது அவளுக்கு இன்னும் கசந்தது.

"வணக்கம் மேடம். என்மேல கோவமா இருக்கீங்கன்னு சொன்னாங்க," என்று சிரித்தார் ஹூக்ஸ்ட்ரா. "நான் கெட்டவன் இல்ல மேடம். எங்கம்மாவே இதுலதான் இருக்காங்க. முதல் வாரம் ஒரே கத்தல். இப்ப சத்தமே இல்ல. அவ்வளவு நிம்மதி."

"யாருக்கு நிம்மதி?"

"எல்லாருக்கும்தான்."

மார்னி இதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வின்ஸ்லோ பேச்சை இழுத்துக்கொண்டார். "மேடம், விஷயத்துக்கு வருவோம். பன்னி வேற, மனுஷர் வேற. எங்க சாமான் மனுஷருக்கானது. அவ்வளவுதான் எங்க வாதம்."

"உங்க கோரிக்கையில மனுஷர்னு எங்கயும் இல்லையே? ஆக்குபன்ட்னுதான் இருக்கு."

"ஆக்குபன்ட்னா மனுஷர்தான்னு யாருக்கும் புரியுமே மேடம்."

"அப்ப அதையே எழுதிடுங்க. மனுஷர்னு ஒரே ஒரு வார்த்தை. எனக்கு ஆட்சேபணை இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளூர நடுக்கம். வக்கீல் சரி என்றால் போச்சு. மனிதர் என்று எழுதிவிட்டால் அவளுடைய பன்றி ஆதாரம் பாதி நொண்டியாகிவிடும், மேலிடத்தார் விட்டுவிடு என்பார், முத்திரை விழுந்துவிடும். வின்ஸ்லோவும் முட்டாள் இல்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதைப் பரிசீலிக்க..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் வேணாம்," என்று குறுக்கே விழுந்தார் ஹூக்ஸ்ட்ரா. "மனுஷர்னு போட்டா பன்னிப் பக்கம் எவன் வேணாலும் காப்பியடிச்சுட்டுப் போயிடுவானே. இதே மெத்தை சுத்தின மாடலைப் பன்னிக்கும் விடப்போறோம் மேடம். தோல்ல காயம் பட்டா பன்னி வெலை போகாதுல்ல."

"மிஸ்டர் ஹூக்ஸ்ட்ரா," என்றார் வக்கீல்.

"இருங்க சார், மேடம் நல்லவங்க, புரிஞ்சுக்குவாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து பன்னிக் கூண்டுதான் மேடம் எங்க தொழில். ஒருநாள் அம்மாவை ஹோம்ல பார்த்துட்டு நேரா ஷெட்டுக்கு வந்தேன். தாய்ப்பன்னி ஒண்ணு சமத்தா படுத்திருந்துச்சு. அட, இதானே வேணும்னு தோணிச்சு. ஒரே அச்சு, ஒரே ஷெட், ஒரே வெல்டிங். அகலம் மட்டும்தான் வேற. பன்னி எங்கம்மாவைவிட அகலம்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, கோப்பையை உயர்த்திக் காட்டினார். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மேடம். பேட்டன்ட் கையில வந்தாத்தான் பணம்னு பேங்க்காரன் உக்கார்ந்திருக்கான். அது வராட்டி ஒரு ஷெட்கூடக் கட்ட முடியாது."

வக்கீல் தன் முன்னிருந்த காகிதங்களை மூடி வைத்தார். கண்ணியத்தில் அக்கறையுள்ள எவரும் பன்றித் தொழுவத்துக்குப் போகமாட்டார் என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய கட்சிக்காரரோ அங்கேதான் போயிருக்கிறார், அதுவும் பெற்ற தாயைப் பார்த்த கையோடு. நுணலும் தன் வாயால் கெடும். சந்திப்பில் பேசியதைச் சுருக்கி எழுதி ஃபைலில் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை. மார்னி ஒரு வார்த்தை விடாமல் சேர்த்தாள். சமத்தாகப் படுத்திருந்தது என்பதையும் சேர்த்தாள்.

பிறகு கடைசி மறுப்பை எழுதினாள். இந்த மாதிரி மறுப்புக்கு என்று வழிவழியாக வருகிற ஒரு வாக்கிய அமைப்பு உண்டு. இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் மேல்முறையீட்டில் நிற்காது. அவள் எப்படி எப்படியோ புரட்டிப் பார்த்தாள். எப்படிப் புரட்டினாலும் அது இப்படித்தான் வந்து நின்றது:

'முதியோர் பராமரிப்புத் தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவரும் பன்றி வளர்ப்பில் பயன்படும் கூண்டை நாடியிருப்பார். அதை முதியோருக்குப் பயன்படுத்துவது அவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். அது நற்பலன் தரும் என்ற நியாயமான நம்பிக்கையும் அவருக்கு இருந்திருக்கும்.'

படித்துப் பார்த்தபோது, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இருந்தது. ஆனாலும் சட்டப்படி ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. கீழே பெயரைப் போட்டு அனுப்பினாள். வின்ஸ்லோ மேல்முறையீடு செய்யவில்லை. கெடுவுக்குள் பதிலும் போடவில்லை. விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கணக்கில் ஏறியது.

"பிரமாதம்," என்றார் டெஸ்மண்ட். "புதுசா சேர்றவங்களுக்குப் பாடம் எடுக்கறப்ப உன் மறுப்பைத்தான் காட்டறதா இருக்காங்க. எது தொடர்புடையது, எது இல்லாததுன்னு இதைவிடத் தெளிவா யாரும் எழுதினதில்லையாம். முகம் சுளிச்சாரே, அவரே சொன்னார்."

மார்னி அன்று ஆற்றங்கரைக்குப் போய் நண்டு சாப்பிட்டாள். வெகுநாளைக்கப்புறம் சாப்பாடு ருசித்தது. இந்தக் கண்றாவியை உலகத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஒரே ஆள் நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் தப்பில்லை. பதினாறு வருஷத்தில் எத்தனை பல் பிரஷ், எத்தனை சக்கர நாற்காலி என்று பார்த்தவளுக்கு, ஒரு தடவையாவது உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று தோன்றக் கூடாதா?

ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது. ஆய்வாளர்கள் எழுதுகிற ஒவ்வொரு மறுப்பின் கடைசியிலும், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று போட்டு, அவர்கள் பெயரும் எண்ணும் இருக்கும். வக்கீல்களைத் தவிர வேறு யாரும் அந்த எண்ணில் கூப்பிடுவதில்லை.

"மார்னி ஹால்கம்ங்கறது நீங்களா?" பெண் குரல், கரகரப்பாக இருந்தது.

"ஆமா. எந்த விண்ணப்பம் சம்பந்தமா பேசறீங்க?"

"விண்ணப்பமும் இல்ல, மண்ணும் இல்ல. என் பேரு கொலீன் ஸ்ட்ரூப். நெப்ராஸ்காலேர்ந்து பேசறேன். எங்கப்பா இருக்கற முதியோர் இல்லத்துல புதுசா ஒரு படுக்கை போட்டிருக்காங்க. அது என்ன கண்றாவின்னு கேட்டேன். கம்பெனிக்காரன் குடுத்த காகிதத்தை எடுத்து நீட்டறாங்க. அதுல உங்க பேரு இருக்கு, நம்பர் இருக்கு. படிக்கறேன், கேளுங்க."

அவள் படித்தாள். மார்னி தன் வாக்கியத்தை முதன்முறையாக இன்னொருவர் வாயால் கேட்டாள். 'இயல்பாகவே தோன்றியிருக்கும்.' 'நற்பலன் தரும் என்ற நியாயமான நம்பிக்கை.' அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'மத்திய அரசு நிபுணர் உறுதி செய்தது' என்று போட்டிருந்ததாம்.

"அது தப்பு," என்றாள் மார்னி. "அது மறுப்பு. பேட்டன்ட் குடுக்கமாட்டேன்னு நான் எழுதினது அது."

"குடுக்கலையா? பின்ன எப்படி விக்கிறானுங்க?"

"பேட்டன்ட் இல்லாட்டி விக்கக்கூடாதுன்னு இல்ல. அது யாருக்கும் தனியா சொந்தமில்ல, அவ்வளவுதான். யார் வேணாலும் செஞ்சு விக்கலாம்."

"யார் வேணாலுமா?"

"ஆமா."

"ஓ. அதான் மூணு கம்பெனிக்காரன் வந்துட்டுப் போனானா! போட்டி போட்டுக்கிட்டு வெலையைக் குறைச்சானுங்களாம். நாங்க குடுத்துவெச்சவங்கன்னு மேனேஜர் சொல்றா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. ஹூக்ஸ்ட்ரா ஒருவனுக்குக் கதவைச் சாத்தியதாக மார்னி நினைத்துக்கொண்டிருந்தாள். பன்றிக் கூண்டு செய்கிற அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிட்டது அவள்தான். போதாக்குறைக்குக் கையில் நற்சான்றிதழும் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"மேடம், நீங்க அதைத் தடுக்கத்தான் எழுதினீங்கன்னா எனக்கு ஒரு உதவி செய்யுங்க," என்றாள் கொலீன். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "ஒரே ஒரு வரி போதும். இது இயல்பு இல்ல, புத்தியுள்ள எவனும் மனுஷனுக்கு இதைப் போடமாட்டான், மார்னி ஹால்கம்னு எழுதிக் குடுங்க. நான் கொண்டுபோய் மேனேஜர் மூஞ்சியில அடிச்சு எங்கப்பாவை வெளிய எடுத்துடுவேன்."

மார்னி பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். பிறகுதான் அந்த வரியை எங்கே படித்தோம் என்று ஞாபகம் வந்தது. மனித கண்ணியத்தில் அக்கறையுள்ள எவரும் பன்றித் தொழுவத்துக்குப் போகமாட்டார். வின்ஸ்லோவின் வாக்கியம் அது. அதைத்தான் அவள் ஆதாரத்தோடு அடித்து நொறுக்கி, பொய் என்று நிரூபித்து, ஃபைலை மூடியிருந்தாள். அதைத்தான் இப்போது அவள் திரும்ப எழுத வேண்டும்.

"முடியாதும்மா," என்றாள். "ஃபைல்ல எழுதினதைப் பத்தி வெளிய எதுவும் எழுதித் தர எங்களுக்கு அனுமதி இல்ல. இல்லத்துக்காரங்க மேல நீங்க மாநில அதிகாரிங்ககிட்ட புகார் குடுக்கலாம். அந்த நம்பர் வேணா..."

"குடுத்தாச்சு. அவங்களும் இந்தக் காகிதத்தைத்தான் காட்டறாங்க."

மார்னி எடுத்த பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"எங்கப்பா நாப்பது வருஷம் பன்னி வளர்த்தவர்," என்றாள் கொலீன். "இப்ப அவருக்கு என் பேரு தெரியாது. எங்கம்மா செத்தது தெரியாது. போட்டோவைக் காட்டினா இது யாருன்னு கேப்பார். ஆனா அதுக்குள்ள படுக்கவெச்சாங்க பாருங்க, குழாயைத் தடவிப் பார்த்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். அது மட்டும் தெரிஞ்சுது. என்னைப் பார்த்து, 'நான் இன்னும் குட்டியே போடலையே, அதுக்குள்ள ஏன் என்னை இதுல ஏத்தினீங்க'ன்னு கேட்டு அழுதார்."

மார்னி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, எழுதித் தர வேணாம். வாயால சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இதுல போட்டிருக்கே, எவனுக்கும் இது இயல்பா தோணும்னு. அது நிஜமா, பொய்யா?"

பொய் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான், கேட்கிறவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் ஹூக்ஸ்ட்ராவுக்குத் தோன்றியிருந்தது. அவருக்குப் பின்னால் மூன்று கம்பெனிக்குத் தோன்றியிருந்தது. மேனேஜருக்குத் தோன்றியிருந்தது, மாநில அதிகாரிக்கும் தோன்றியிருந்தது. ஒருவர்கூட முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

"நிஜம்தான்," என்றாள் மார்னி.

மறுமுனையில் "தூ!" என்று துப்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.